தலைவரும் ரசிகரும்

(மருதமுனையிலே இரு சமூகத்து இளைஞரும் பெரியோரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை. கேட்டோர் சிலர் விரும்பியபடி இம்மலருக்காக எழுதித் தரப்படுகின்றது.)



இக்கூட்டத்திலே பேசுமாறு நம்மை அழைத்தபோது 'இளைஞரும் அரசியலும்' என்ற தலைப்பைத் தந்தார்கள். அத்தலைப்பிலே பேசுவோர் பெரும்பாலும் இளைஞரே நாட்டின் முதுகெலும்பு என்று தொடங்கி, அவ்வெலும்பிலேயே வந்து முடிப்பது வழக்கம். முதுகெலும்பைப் பற்றிச் சொல்ல நம்மிடம் புதிதாக ஒன்றும் இல்லை. முழங்காலைப் பற்றிச் சிறிது சொல்லலாம் என நினைக்கின்றோம். அரசியலிலே நம்மவர் மிகுதியாகப் பயன்படுத்தும் உறுப்பு அதுவே.

நமக்கு வயது இருபத்திரண்டு. நாம் வாக்களித்த தேர்தல்கள் இரண்டே இரண்டு. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர் நாம் பிறப்பதற்கு முன்பே பல தேர்தல்களைக் கண்டு சலித்தவர்கள். ஆதலால் நாம் சொல்வதிற் பிழையிருப்பின் கூட்ட முடிவிலே திருத்துக. இடையிலே நிறுத்தினும் குறையில்லை.

நாம் பாண்டிருப்பைச் சேர்ந்தவர். ஒலுவிலிலே பல்கலைக்கழகத்திற் படிக்கின்றோம். முதலாம் வருடத்திலே விடுதியில் நம்மோடு ஓர் அறையில் இருந்தவர் மருதமுனை நண்பர் ஒருவர். ஓரிரவு சமயம் பற்றிய வாதம் வந்தது. உருவங்களை வைத்து விளக்கேற்றி வணங்குவது ஏன் என்று அவர் நம்மைக் கேட்டார். நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர். அக்கேள்வியைச் சிறுவயது முதல் வேறு வாய்களிலே கேட்டுப் பழகியவர். ஆகவே தத்துவம் எதுவும் பேசாமல், அவருடைய கட்டிலின் மேலே சுவரில் ஒட்டப்பட்டிருந்த பெரிய படத்தைச் சுட்டிக்காட்டினோம். அது மறைந்த எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் படம். நண்பரோ அஷ்ரப் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின்னர் பிறந்தவர். அவருடைய குரலை ஒலிப்பதிவிலன்றி நேரிற் கேட்டவரல்லர்.

நண்பர் படத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி மச்சான், உங்கட சாமியறையில முருகனுக்குப் பக்கத்தில எம்.ஜி.ஆர். தொங்குறாரே, அவருக்கும் சேர்த்துத்தானே உங்கட அம்மம்மா விளக்கு வைக்கிறா?" என்றார். அவர் நம் வீட்டிலே பலமுறை சோறுண்டவர், கண்டிருக்கின்றார். மறுக்க வழியில்லை. அன்றிரவு வாதத்தில் இருவரும் தோற்றோம். இன்றைய பேச்சு அந்தத் தோல்வியிற் பிறந்ததுதான்.

அம்மம்மாவை நாம் ஏளனம் செய்யவில்லை என்பதை முதலிலே சொல்லிவிட வேண்டும். விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது, ஏன் அவருக்கு விளக்கு என்று கேட்டோம். "அவர் ஒரு படத்திலயும் குடிச்சதில்ல மகன். தாயை எதிர்த்துப் பேசினதில்ல. ஏழைப் பொம்பிளைக்கு அடிக்கிறவனைக் கேட்காம விட்டதில்ல" என்றார். அம்மம்மா இளமையிலே பிறர் வயலிற் கூலிக்குக் கதிர் அறுத்தவர். அடிப்பவனைத் தட்டிக் கேட்க அவருக்கு ஊரிலே யாரும் இருக்கவில்லை. திரையிலாவது ஒருவர் கேட்டார். அந்த நன்றியை நாம் எந்தப் பட்டப்படிப்பைக் கொண்டு எள்ளி நகையாட முடியும்?

ஆயினும், ரசிகருக்கும் குடிமகனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. படம் பார்க்கப் போகிறவன் காசு கொடுத்துச் சீட்டு வாங்குகின்றான். படம் நன்றாயில்லையெனில் அவனுக்கு நட்டம் சீட்டுக்காசும் மூன்று மணி நேரமுமே. நடிகர்க்காக நண்பனோடு சண்டை பிடித்தாலும் மறுநாள் தேநீர்க் கடையிலே தீர்ந்துவிடும். வாக்குச் சீட்டோ வேறு வகையானது. அதைக் கொடுத்தபின் ஐந்தாண்டுகளுக்கு எழுந்து வெளியே போக முடியாது. அந்தப் படத்தை நம் பிள்ளைகளும் இருந்து பார்க்க வேண்டும்.

எம்.ஜி.ஆரின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அவர் நம் நாட்டிலே கண்டிப் பகுதியில் 1917 ஆம் ஆண்டிற் பிறந்தவர் என்பதால் நமக்கும் அவரில் ஓர் உரிமையுண்டு. 1967 ஜனவரியிலே எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். கழுத்திலே கட்டுப்போட்ட அவருடைய படம் தமிழ்நாடெங்கும் சுவரொட்டியாயிற்று. மருத்துவமனையிலிருந்தபடியே தேர்தலில் வென்றார். 1972 இலே தனிக்கட்சி கண்டார். 1977 இலே முதலமைச்சரானார். 1984 இலே நோயுற்று அமெரிக்காவிலே புரூக்ளின் மருத்துவமனையிற் கிடந்தபோது தேர்தல் வந்தது. ஆண்டிபட்டித் தொகுதியிலே கால்வையாமலே வென்றார். கட்டிலில் இருந்து அவர் உணவருந்தும் படச்சுருளை ஊரூராகக் காட்டினார்கள். மக்கள் கேட்டதெல்லாம் அவர் உயிரோடிருக்கின்றாரா என்பது ஒன்றே. ஆள வல்லவரா என்று கேட்பது பாவம்போல் ஆயிற்று. 1987 டிசம்பர் 24 ஆந் திகதி அவர் மறைந்தபோது தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோர் பலர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதன்பின் யார் சோறு போட்டார் என்பது எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் நாம் காணவில்லை.

அவர் ஒன்றும் செய்யவில்லை என்பது நம் வாதமன்று. 1982 இலே தொடங்கிய சத்துணவுத் திட்டம் கோடிக்கணக்கான சிறுவர்க்குச் சோறு போட்டது. அதை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் எம்.எஸ்.எஸ். பாண்டியன் என்ற ஆய்வாளர் 1992 இலே வெளியிட்ட நூல், பின்னர் 'பிம்பச் சிறை' என்று தமிழிலும் வந்தது, வேறொன்றையும் எடுத்துக்காட்டுகின்றது. அவருக்கு அள்ளி அள்ளி வாக்களித்தவர்கள் ஏழைகள். அவ்வாட்சியிலே வரிப்பாரம் மிகுந்ததும் அந்த ஏழைகளின் தலையிலேதான். அதிலும் சாராயத் தீர்வையின் வருமானம் பெருகிக்கொண்டே போயிற்று. திரையிலே குடிக்காத வீரரென்று பெயர் பெற்றவருடைய ஆட்சியிலே! இதை ஏழைகள் கேட்கவில்லை. கேட்பதற்கு அவரை முதலிலே மனிதராகக் காண வேண்டியிருந்தது.

நடிகரெல்லாரும் வென்றனர் என்று நினைக்க வேண்டாம். சிவாஜி கணேசன் 1989 இலே திருவையாற்றில் நின்று தோற்றார். அவர் நடிப்பைக் கண்டு அழுத கண்கள் வாக்களிக்கும்போது வறண்டுவிட்டன. ரசிகரெல்லாம் ஏமாளிகள் என்று சொல்வோர்க்கு இவ்வொரு தொகுதி போதிய விடை.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2025 செப்டெம்பர் 27 ஆந் திகதி கரூரிலே நடிகர் விஜய் அவர்களின் கட்சிக் கூட்டத்தில் நெரிசலுண்டாகி 41 பேர் மாண்டனர். அவருட் பெண்களும் சிறுவர்களும் பலர். நண்பகலில் வருவார் என்று நம்பிச் சனம் கூடியது. அவர் வந்தபோது இரவு ஏழு மணியளவாயிற்று. வெயிலிலே, போதிய நீரின்றி, கைக்குழந்தைகளோடு அத்தனை நேரம் நின்றார்கள். யார் குற்றவாளி என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே உச்சநீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. நம்மை வருத்தியது வேறொன்று. அன்றிரவு நம்மூர் வாலிபர் பலர் கைத்தொலைபேசியிலே எழுதியவற்றைப் பார்த்தோம். கடல் கடந்து கிடக்கும் ஓர் ஊரிலே பிள்ளைகளின் சடலங்கள் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. அதற்குள் இங்கே, அண்ணன்மீது குற்றமில்லை என்று ஒரு கூட்டம், அவர்மீதே முழுக்குற்றமும் என்று மற்றொரு கூட்டம். தண்ணீர் ஏன் இல்லை, வழி ஏன் குறுகியது, ஏழு மணி நேரம் ஏன் என்று கேட்டவர் ஒருவரோ இருவரோ. அவர்களையும் இரு பக்கத்தாரும் ஏசினார்கள்.

பெரியோர்களே, ஏழு மணி நேரம் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தலைவர் தாமதித்து வருவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் மட்டுமன்று. கல்முனைப் பகுதியிலே மாலை நான்கு மணிக் கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை இங்கே யாருக்கும் நாம் சொல்லத் தேவையில்லை. தாமதம் தலைவரின் மதிப்பைக் கூட்டுகின்றது. காத்திருக்கிறவனின் மதிப்பைக் குறைக்கின்றது. அதைக் காத்திருக்கிறவனே ஏற்றுக்கொள்கின்றான். ரசிக மனத்தின் முதற்பாடம் இங்கேதான் தொடங்குகின்றது என்பது நம் எண்ணம்.

இது நடிகரோடு நின்றுவிடும் நோயன்று. நடிகரே இல்லாத நாட்டிலும் வரும். 2019 நவம்பரிலே கோட்டாபய ராஜபக்ஷ அவர்கள் 69 இலட்சம் வாக்குகளாற் சனாதிபதியானார். அவ்வெற்றியைத் தொடர்ந்து தென்னிலங்கை வாலிபர் தம் செலவிலே வர்ணம் வாங்கி மதிலெங்கும் சித்திரம் தீட்டினார்கள். 2022 ஜூலை 9 ஆந் திகதி சனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது. சில நாளில் அவர் பதவி துறந்தார். மதிலிலே தீட்டிய சித்திரங்களின் வர்ணம் முற்றாக மங்கியிருக்கவில்லை. அத்தேர்தலில் இக்கரையோரத்தார் பெரும்பாலும் அவருக்கு வாக்களிக்கவில்லை. ஆகவே சிங்கள மக்களைப் பார்த்துச் சிரிப்பது நமக்கு மிக எளிது. சிரிக்குமுன் நம் முற்றத்தையும் ஒருமுறை பார்த்தல் நன்று.

முதலில் தமிழர் முற்றம். 1970 களிலே தமிழ் மேடைகளில் இளைஞர் தம் விரலைக் கீறி, தலைவர்களின் நெற்றியிலே இரத்தத் திலகம் இட்டனர். அமிர்தலிங்கம் அவர்கள் அவ்வாறு திலகம் பெற்றவர். 1989 ஜூலை 13 ஆந் திகதி கொழும்பிலே, அவருடைய இல்லத்திலேயே, தமிழ்த் துப்பாக்கிகளுக்கு அவர் இரையானார். அதற்கு முன்பே துரோகி என்ற பெயரை அவருக்குச் சூட்டியிருந்தார்கள். திலகமிட்ட விரலும் சுட்ட விரலும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்திற் படித்தவை. தெய்வம் என்று ஒருவரைத் தூக்கியவனுக்கு, அவர் மனிதராய் நடந்துகொள்ளும் அன்று துரோகி என்பதைத் தவிர வேறு சொல் கிடைப்பதில்லை. பிழை விட்டார், விவாதிப்போம், அடுத்த முறை வேறொருவரைத் தெரிவோம் என்ற நடுவழி அவனுக்குத் தெரியாது. மிஷன் பாடசாலையிலே வேதபாட வகுப்பில் நாம் கேட்ட கதை ஒன்று இவ்விடத்தில் நினைவு வருகின்றது. எருசலேமுக்குள் இயேசுநாதர் நுழைந்தபோது குருத்தோலை பிடித்து ஆரவாரித்த ஊர், அதே வாரத்திலே அவரைச் சிலுவையில் அறையும்படியும் கூச்சலிட்டது. வகுப்பிலே அதை ஆசிரியர் கேள்வியாகக் கேட்டபோது, இரு கூட்டமும் ஒன்றா வேறா என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவர் சிறிது யோசித்து, அது எனக்கும் தெரியாது தம்பி என்றார். அந்த விடைக்காகவே அவர்மீது நமக்கு இன்றும் மதிப்பு.

அடுத்தது இக்கரையின் முஸ்லிம் முற்றம். இங்கே நாம் விருந்தினர், அளந்தே பேசவேண்டும். ஆயினும் அஷ்ரப் அவர்களைப் பற்றிப் பேச நமக்கும் உரிமையுண்டு என்று நம்புகின்றோம். நாம் படிக்கும் பல்கலைக்கழகமே அவருடைய முயற்சியாற் பிறந்தது. போர்க்காலத்திலே கிழக்குப் பல்கலைக்கழகத்திற் படிப்பைத் தொடர முடியாது நின்ற மாணவர்க்காக 1995 இலே தொடங்கியது அது. இன்று நம்மைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளும் அதன் மரநிழலிலிருந்து படிக்கின்றோம்.

அவர் 1948 இலே சம்மாந்துறையிற் பிறந்தார். கல்முனையில் வளர்ந்தார். சட்டத்தரணியானார். 'நான் எனும் நீ' என்று கவிதை நூலும் தந்தார். அவருக்கு முந்திய அரசியலை முதியோர் அறிவர். 1956 இலே கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராய் நின்று வென்றவர்கள் முஸ்லிம்கள். இவ்வூர் மஷூர் மௌலானா அவர்கள் அக்கட்சியின் செனற்றராயிருந்தவர். அந்த உறவு தேய்ந்து, இக்கரையோர மக்களின் வாக்கு கொழும்பிலுள்ள பெரிய கட்சிகளின் கைப்பொருளாய்ப் போன காலத்திலே, 1981 இலே காத்தான்குடியிற் தொடங்கிய இயக்கத்தை 1988 இலே அரசியற் கட்சியாக்கி, 1989 இலே பாராளுமன்றம் சென்றார். 1994 இலே துறைமுக, கப்பற்றுறை, புனர்வாழ்வு அமைச்சரானார். 2000 செப்டெம்பர் 16 ஆந் திகதி அம்பாறைக்கு வரும் வழியிலே அரநாயக்க மலைப்பகுதியில் ஹெலிக்கொப்டர் வீழ்ந்து மறைந்தார். அன்று இவ்வூரிலே அடுப்பு எரியவில்லை என்று நண்பரின் வாப்பா சொல்வார்.

அவ்வளவு பெரிய அன்பு. அதன் பின் நடந்தது என்ன? கட்சி இரண்டாயிற்று, இரண்டு பலவாயின. பிரிந்தோர் ஒவ்வொருவரும் தாமே அவருடைய வாரிசு என்றனர். எதிரெதிர் வேட்பாளர்களின் சுவரொட்டிகளிலே மூலையில் ஒரே புகைப்படம். மறைந்தவர் எந்தச் சுவரொட்டியையும் மறுக்க முடியாது. அதுவே அவர்களுக்கு வசதி. வாக்காளரும் யாருடைய சுவரொட்டியிலே அந்தப் படம் பெரியது என்று பார்த்தார்களேயன்றி, யாருடைய கையிலே திட்டம் உள்ளது என்று கேட்டவர் குறைவு.

இதற்கு ஒரு சாட்சியம் சொல்கின்றோம். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கியது. மருதமுனைக்கு அதைப் பற்றி நாம் சொல்வது தகாது. இக்கூட்டத்திலே இருப்போரில் உறவை இழக்காதவர் சிலரே. அவ்வழிவின் பின் சவூதி அரேபியாவின் உதவியால் அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே 500 வீடுகள் கட்டப்பட்டன. பள்ளிவாசல், பாடசாலை எல்லாமுண்டு. ஒரு சமூகத்தார்க்கு மட்டும் அவற்றைக் கொடுக்கலாகாது என்று வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. தீர்ப்பின் பின் எவருக்கும் கொடுக்கப்படாமல், பத்தாண்டுகளுக்கும் மேலாக அவ்வீடுகள் காடுபற்றிக் கிடந்தன. கதவும் நிலையும் களவு போயின. எத்தனை தேர்தல்கள் அவ்வீடுகளைக் கடந்து சென்றன! எத்தனை ஊர்வலங்கள்! எத்தனை மேடையிலே எத்தனை பொன்னாடை! இன விகிதமோ, முன்னுரிமையோ, எப்படியாவது ஒரு முறையை வகுத்து நீதிமன்றத்தை ஒப்பச் செய்யும் வழி என்ன என்று, மாலை போடுமுன் கேட்டிருக்கலாம். கேட்டிருப்பின் வீடுகள் கிடைத்திருக்கும் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. கேள்வியேயில்லாத இடத்திலே விடை தேட எவருக்கும் அவசரம் வராது என்பது மட்டும் உறுதி.

பொன்னாடை என்றதும் இவ்வூர்க் கைத்தறிக்காரர் ஒருவரின் நினைவு வருகின்றது. நண்பரோடு அவருடைய தறியைப் பார்க்கச் சென்றிருந்தோம். "காக்கா, அரசியல்வாதிகளுக்கும் நெய்து கொடுப்பீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டோம். நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சாரன் வாங்க வாறவன் விரிச்சுப் பார்ப்பான் மகன். வெளிச்சத்தில பிடிப்பான், இழையை எண்ணுவான், நாலு பேரிட்டக் காட்டுவான். பொன்னாடையை ஆரும் விரிச்சுப் பாக்கிறல்ல. போர்த்தினவனும் பாக்கிறல்ல, போர்த்தப்பட்டவரும் பாக்கிறல்ல. படம் எடுத்தா முடிஞ்சிது." அவர் துணியைப் பற்றித்தான் சொன்னார். நாம் வீடு திரும்பும்வரை அதை வேறாக நினைத்துக்கொண்டே வந்தோம்.

துணியை விரித்துப் பார்க்கும் வழக்கம் மருதமுனையார்க்கு வேறோரிடத்திலிருந்தும் வந்தது. கலீபா உமர் அவர்களைப் பற்றிய கதையை நமக்கு முதலிற் சொன்னவர் நண்பரின் மூத்தவாப்பா. பங்கிட்ட துணியிலே எல்லார்க்கும் ஒரே அளவு கிடைத்திருக்க, உமக்கு மட்டும் எப்படி நீண்ட அங்கி வந்தது என்று சபையிலே ஒரு சாதாரண மனிதர் எழுந்து கேட்டாராம். கலீபா சினக்கவில்லை. தம் மகன் தன் பங்கைத் தந்தான் என்று மகன் வாயாலே விளக்கம் சொல்வித்தார். அதன் பின்பே கேட்டவர், இனிச் சொல்லுங்கள், கேட்கின்றோம் என்று அமர்ந்தாராம். இதிலே கலீபாவின் பெருமையையே எல்லாரும் வியப்பர். நமக்கோ எழுந்து நின்ற அம்மனிதரே பெரிதாகத் தோன்றுகின்றார். அவருக்குக் கலீபாவிலே அன்பு இல்லையா? இருந்தது. ரசிகர் மட்டும் அல்லர்.

தம்மை வழிபடுவதைத் தாமே அஞ்சிய தலைவரும் உண்டு. 1937 இலே இந்தியாவிலே நேருவுக்கு எங்கும் ஆரவாரம். அவ்வேளை சஞ்சிகையொன்றிலே 'சாணக்கியர்' என்ற பெயரோடு ஒரு கட்டுரை வந்தது. இந்த நேருவை மேலும் மேலும் புகழாதீர்கள், இப்படியே போனால் இவர் சர்வாதிகாரியாகக்கூடும் என்று அது எச்சரித்தது. எழுதியவர் நேருவே என்பது பின்னர் வெளியாயிற்று. 1949 நவம்பர் 25 ஆந் திகதி அரசியல் நிர்ணய சபையிலே அம்பேத்கர் பேசுகையில், சமயத்திலே பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம். அரசியலிலே அது தாழ்வுக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழி என்ற கருத்தைத் திட்டமாகச் சொன்னார். அவருக்கும் இன்று நாடெங்கும் சிலை உண்டு. அதன் அடியிலே மாலையோடு நிற்போர் எத்தனை பேர் அந்தப் பேச்சை வாசித்தனர் என்பது வேறு விடயம்.

இவ்வுரையை எழுதியபின் ஒரு பெரியவரிடம் காட்டினோம். அவர் சொன்ன ஆட்சேபத்தை மறைப்பது நேர்மையன்று. "தம்பி, பெரும்பான்மைச் சமூகத்துக்கு இதெல்லாம் சரி. நாங்கள் சிறு கூட்டம். ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் எங்கட பலம் என்னாகும்? ஒரு முகம், ஒரு குரல் இருந்தபடியால்தானே அந்த நாளில எங்களை மதித்தார்கள்?" என்றார். இக்கேள்வி நம்மைப் பல நாள் வருத்தியது. அதிலே உண்மையுண்டு. சிதறிய வாக்கால் அம்பாறை மாவட்டத்திலே தமிழர் பட்ட இழப்பை நாம் அறியாதவரல்லேம். ஆனால் ஐயா, ஒரு முகத்தின் பின்னே ஒன்றுபட்ட கூட்டம், அம்முகம் ஒரு மலைச்சாரலிலே வீழ்ந்த அன்று என்னவாயிற்று? ஒற்றுமை அம்மனிதரின் உயிரோடு கட்டப்பட்டிருந்தது. கிளைகளிலே கேள்வி கேட்டுப் பழகிய நூறு பேர், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஐம்பது பேர், தலைவரோடு மாறுபட்டும் கட்சியிலே மதிப்போடு இருக்கக்கூடிய பத்துப் பேர் இருந்திருப்பின், ஒருவர் போனபின்னும் குரல் நின்றிருக்கும் என்றே நாம் நினைக்கின்றோம். பெரியவர் இதை முழுதும் ஒப்பவில்லை. அவர் இப்பொழுதும் அங்கே மூன்றாம் வரிசையிலே இருக்கின்றார்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே பதினெட்டு நாள் விழா நடக்கும். மருதமுனை நண்பர்களும் சிறுவயதிலே வேடிக்கை பார்க்க வந்திருப்பீர்கள். தருமராகவும் அருச்சுனராகவும் கோலங்கொள்வோர் நம் ஊரவர்களே. அந்நாட்களிலே அவர்களைக் கண்டால் முதியோரும் கைகூப்புவர்; வனவாசம் போகையிலே தாய்மார் அழுவர். தீமிதித்து விழா முடிந்தபின் கோலம் களையப்படும். ஒரு கிழமை கழித்து அதே மனிதரோடு வயல் வரம்புக்காக வழக்காடுவார்கள். கடன் காசைக் கேட்பார்கள். அதனால் அம்மன்மீது பக்தி குறைந்தது என்று எவரும் சொன்னதில்லை. கோலத்தை எப்போது வணங்குவது, அதைக் களைந்தபின் மனிதனோடு எப்படிப் பழகுவது என்பதை எழுத்தறியாத நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர். தேர்தலிலே மட்டும் நாம் கோலம் களைய விடுவதில்லை.

இன்னும் ஒரு செய்தி. 2025 மே 6 ஆந் திகதி நாட்டிலே 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. கல்முனை மாநகர சபைக்கு நடைபெறவில்லை. வழக்கினால் அது நின்றது. மருதமுனையும் பாண்டிருப்பும் அச்சபைக்கு உட்பட்டவை. பிரதேச செயலகம் யாருக்கு, எல்லை எங்கே என்று இரு சமூகத்துத் தலைவர்களுக்காகவும் முகநூலிலே நாம் ஆண்டுக்கணக்காகச் சண்டையிட்டோம். அச்சண்டையிலே யார் சரி என்று கூற இம்மேடை இடமன்று. ஆனால் வீதிவிளக்கையும் குப்பையையும் பற்றிக் கேட்க நமக்கென்று தெரிவுசெய்யப்பட்ட ஓர் உறுப்பினரும் இல்லாத நிலை வந்தபோது, அதற்காக எந்த ரசிகர் படையும் தெருவுக்கு வரவில்லை.

நண்பரும் நாமும் ஒன்று செய்தோம். அவருடைய ஊரையும் நம் ஊரையும் தொட்டுச் செல்லும் வடிகான் ஒன்று மாரிதோறும் நிரம்பி இரு பக்கத்து வீடுகளுக்குள்ளும் புகுகின்றது. நம் இருவர் வீட்டாரின் வாக்கையும் பெற்ற அரசியல்வாதி ஒருவருக்கு அதுபற்றி மூன்று கேள்விகள் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். பதிலில்லை. அக்கடிதத்தின் படியை முகநூலிலே இட்டபோது, தலைவரைக் கேள்வி கேட்க நீங்கள் யார் என்று ஒருவர் எழுதினார். விசாரித்ததில், அவருடைய வீட்டுக்குள்ளும் வருடந்தோறும் அதே தண்ணீர்தான் புகுகின்றதாம். இரண்டாங் கடிதமும் அனுப்பினோம். அதற்கும் பதில் வரவில்லை.

நண்பரின் கட்டிலின் மேலே அப்படம் இன்றும் உண்டு. அம்மம்மாவின் விளக்கும் எரிகின்றது. அவற்றை அகற்றும்படி நாம் கேட்கவில்லை. மூன்றாங் கடிதம் எழுதி முடிந்தது. அதிலே கையெழுத்துக்கு நிறைய இடம் விட்டிருக்கின்றோம். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையிலே அது இருக்கும். நண்பர் பேனாவோடு அங்கே நிற்பார். ஒப்பாதவர்களும் வந்து வாசித்துப் பிழை திருத்தலாம்.